ஆயி வீட்டுச் சீனம்

2019 ஜூலையில் ஊருக்குத் திரும்பிய மறுவாரம் பிள்ளைகளைப் புதுச்சேரி பாரதி பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நடுவில் நிற்கிற வெள்ளை மண்டபத்தைக் காட்டி, "இதான்டா ஆயி மண்டபம்" என்றார் என் மாமனார். நாலு வயதுச் சின்னவன் மண்டபத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, "ஆயி எங்க?" என்றான். தன் வீட்டை இடித்து ஊருக்குக் குளம் வெட்டிக் கொடுத்த ஆயியின் கதையைத் தாத்தா ஆரம்பித்தார். அவனுக்கு உதடு பிதுங்கிவிட்டது. அவன் தேடிய ஆயி தைவானில், சின்ச்சு நகரத்தில், நாங்கள் இருந்த அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில் இருந்தார். அங்கே பேசுகிற சீன மொழியான மாண்டரினில் அத்தை, சித்தி வயதுப் பெண் யாராக இருந்தாலும் 'ஆயீ'தான். பகலில் பார்த்துக்கொள்ளச் சொல்லி, ஏழு மாதக் குழந்தையாக அவனை அவர் கையில் கொடுத்தேன். நாலு வயதில் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தேன். அன்று பூங்கா முழுக்க அழுதுகொண்டே வந்தான்.

என் வீட்டுக்காரருக்கு 2014இல் சின்ச்சுவில் ஆராய்ச்சி வேலை கிடைத்தது. பெரியவளுக்கு அப்போது ஆறு வயது. போன அடுத்த வருஷம் சின்னவன் பிறந்தான். நானும் அங்கேயே முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்ததால் பகல் முழுக்க அவன் ஆயி வீட்டில். பெரியவளை மட்டும் ஆங்கில வழிப் பள்ளியில் சேர்த்தோம். "எப்படியும் ஊருக்குத் திரும்பப் போறோம், பாடம் விட்டுப்போயிடக் கூடாது" என்று கணக்குப் போட்டது நான்தான். அங்கே தினம் ஒரு மணி நேரம் மாண்டரின் ஒரு பாடம்.

ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால், பெரியவளுக்கு நூற்றுக்கணக்கில் எழுத்து தெரியும், தேர்வில் தொண்ணூறுக்குக் குறைந்ததில்லை. ஆனால் கடைக்குப் போய் வாய் திறந்தால் கடைக்காரர் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். சின்னவனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. அவன் பேசுவதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறவர்கள், நிறத்தைப் பார்த்து இன்னொரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒரே வீடுதான். பெரியவள் எங்கே வழுக்கினாள் என்று சொல்கிறேன். மாண்டரின் கற்கிற தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலும் அங்கேதான் வழுக்குகிறார்கள்.

அங்கே முயலுக்கும் வயிற்றுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மூச்சுக்காற்று. இரண்டையும் தமிழில் எழுதினால் 'தூட்ஸ்' என்று ஒரே மாதிரிதான் எழுத முடியும். வயிறு என்றால் நம் 'தூண்' என்பதில் வருகிற அதே மெல்லிய த. முயல் என்றால் அந்த 'த'வோடு காற்றும் வெடித்து வெளியே வர வேண்டும். நம் எழுத்தில் அதற்கு இடமில்லை, ஏனென்றால் நம் காதில் இல்லை. பெரியவள் பள்ளியிலிருந்து பூங்காவுக்குப் போய்விட்டு வந்து, "இன்னைக்கு ரெண்டு வெள்ளை வயிறு பார்த்தோம், கேரட் தின்னுச்சு" என்று ஆயியிடம் சொன்னாள். ஆயி சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினார். விளையாட்டு விழாவில் ஓடி முடித்து மூச்சு வாங்க, "நான் ஓடிட்டேன்" என்று ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறாள். காற்று வராததால் அது "எனக்கு வயிறு நிறைஞ்சிடுச்சு" என்று ஆகிவிட்டது. இனிமேல் ஓட்டத்துக்கு முன்னால் சாப்பாடு கொடுக்காதீர்கள் என்று எனக்குக் குறிப்பு வந்தது.

இதற்கு வைத்தியம் சுலபம். காகிதத்தை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து வாய்க்கு முன்னால் தொங்கவிட வேண்டும். 'வயிறு' சொன்னால் காகிதம் அசையக் கூடாது. 'முயல்' சொன்னால் துள்ள வேண்டும். ஊருக்கு வந்த பிறகு பத்து நாள் இதை விளையாட்டாகச் செய்தோம், பெரியவளுக்கு வந்துவிட்டது. ஐந்து வருஷம் பள்ளியில் இதை யாரும் செய்யவில்லையே என்று வருத்தம்தான். வகுப்பில் இருபது பிள்ளைகளுக்கு நடுவில் இவள் வாயில் காற்று வருகிறதா என்று யார் பார்ப்பார்கள்?

அவளைக் கெடுத்தது ரோமன் எழுத்தும்தான். சீனத்தில் 1958 முதல் இருக்கிற பின்யின் முறையில் மாண்டரினை ஆங்கில எழுத்தில் எழுதிப் படிக்கலாம். ஆங்கிலம் தெரிந்த பிள்ளைக்கு அது ஒரு பொறி. 'b' எழுத்தைப் பார்த்ததும் நாக்கு ஆங்கில 'b'யைத்தான் எடுக்கும், ஆனால் அங்கே அது கிட்டத்தட்ட நம் 'பால்' என்பதில் உள்ள ப. 'c' எழுத்தைப் பார்த்து 'க' என்று படிப்பாள், அங்கே அது மூச்சோடு கூடிய 'த்ஸ'. தைவான் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரோமன் எழுத்தைத் தருவதில்லை. போபோமோஃபோ என்ற 37 குறிகளை முதல் பத்து வாரம் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். அந்தக் குறிகளுக்கு ஆங்கில ஞாபகம் கிடையாது, அதனால் ஒலி சுத்தமாக ஒட்டிக்கொள்கிறது. என்னிடம் கேட்டால், பிள்ளை காதால் நூறு சொல்லாவது பிடித்த பிறகுதான் பின்யினைக் கண்ணில் காட்டலாம் என்பேன்.

மாண்டரினில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லே மாறும், அப்படி நாலு தொனி. அதுதான் எல்லாருக்கும் பயம். எனக்கு அது புரிந்ததே என் மாமியார் 'உம்' கொட்டுவதைக் கேட்டபோதுதான். கதை கேட்கும்போது "ம்ம்ம்" என்று ஒரே மட்டத்தில் இழுப்பார், அது முதல் தொனி. காது கேட்காமல் "ம்ம்?" என்று மேலே ஏற்றுவார், அது இரண்டாவது. மனமில்லாமல் அடிக்குரலில் "ம்..." என்பார், மூன்றாவது. "ம்!" என்று போட்டு உடைப்பார், அது நாலாவது. நாலும் நம் வாயிலேயே இருக்கிறது. நாம் அதை மனநிலைக்குச் செலவழிக்கிறோம், அவர்கள் சொல்லுக்குச் செலவழிக்கிறார்கள். அதே 'மா' அம்மாவும் ஆகும், குதிரையும் ஆகும், திட்டும் ஆகும்.

சிக்கல் வருவது வாக்கியத்தில். கேள்வி கேட்டால் நாம் கடைசிச் சொல்லை மேலே தூக்குவோம். பெரியவளும் தூக்குவாள், உடனே நாலாவது தொனிச் சொல் இரண்டாவதாகிச் சொல்லே மாறிப்போகும். மூன்றாவது தொனி இன்னொரு கூத்து. அது கீழே இறங்கி மேலே ஏறும் என்று வகுப்பில் படம் வரைந்து காட்டியிருந்தார்கள். அவள் ஒவ்வொரு சொல்லையும் ஊஞ்சல் ஆட்டுவாள். உண்மையில் பேச்சு நடுவில் அது பெரும்பாலும் கீழேயே படுத்திருக்கும், இரண்டு மூன்றாம் தொனி அடுத்தடுத்து வந்தால் முன்னது ஏறிவிடும். 'நீ ஹாவ்' என்று வணக்கம் சொல்லும்போதே அது நடக்கிறது. சின்னவனுக்கு இந்த விதி எதுவும் தெரியாது. சரியாகச் சொல்வான். எப்படித் தெரியும் என்று அக்கா கேட்டதற்கு, "ஆயி அப்டிதான் சொல்லுவாங்க" என்றான்.

ஏழு மாதத்தில் அவனை ஆயியிடம் விட்டபோது என் மனசில் குற்ற உணர்ச்சி மட்டும்தான் இருந்தது. அது எப்பேர்ப்பட்ட நேரம் என்பது பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர் கனடாவில் செய்த ஆய்வு 1984இல் வெளியானது. ஆங்கிலம் கேட்டு வளர்கிற குழந்தைகளுக்கு இந்தியில் உள்ள ட, த வித்தியாசம் ஆறு முதல் எட்டு மாதத்தில் கேட்கிறது. பத்து, பன்னிரண்டு மாதத்தில் பெரும்பாலான குழந்தைகளுக்குக் கேட்பதில்லை. தனக்கு வேண்டிய ஒலிக்குக் காது கடையைத் திறந்து வைக்கிறது, வேண்டாததற்கு ஷட்டரை இறக்குகிறது. சின்னவனுக்கு முயல், வயிறு ஷட்டர் இறங்கும் முன்பே ஆயி வந்துவிட்டார்.

அதனால் பெரிய பிள்ளைகளுக்குக் கதவு அடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பெரியவள் கதைக்கு வருகிறேன். அதற்கு முன் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிட வேண்டும்.

ஊருக்கு வந்து மூன்று மாதத்தில் சின்னவன் வாயிலிருந்து சீனம் உதிர ஆரம்பித்தது. முதலில் சொற்கள் போயின. எனக்குப் பதற்றம். காசு கட்டி ஒரு வீடியோ பாடத்தொகுப்பு வாங்கினேன். நல்ல படம், நல்ல உச்சரிப்பு, பாண்டா கரடி ஆடும். லாஸ்பேட்டை வீட்டு ஹாலில் எட்டு மாதம் தினமும் அரை மணி நேரம் ஓடியது. கரடியோடு சேர்ந்து ஆடுவான், ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல மாட்டான். சியாட்டிலில் பட்ரீசியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வை அப்போதே படித்திருந்தால் அந்தக் காசு மிஞ்சியிருக்கும். ஆங்கிலம் பேசும் வீட்டு ஒன்பது மாதக் குழந்தைகளோடு மாண்டரின் பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து புத்தகம் படித்து, பொம்மை காட்டி விளையாடினார்கள். நாலு வாரத்தில் 12 தடவை, தடவைக்கு 25 நிமிஷம், அவ்வளவுதான். அந்தக் குழந்தைகள் ஆங்கிலத்தில் இல்லாத சீன ஒலிகளைப் பிரித்தறிந்தன. அதே ஆட்களை, அதே பொம்மைகளை, அதே நேரம் டிவியில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. என் பிள்ளை கைக்குழந்தை இல்லைதான். ஆனால் அவனும் கரடிக்குப் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் கரடி அவனை எதுவும் கேட்கவில்லை.

அடுத்து இணையத்தில் நேரடி வகுப்பு. ஆசிரியை பெய்ஜிங்கில் பிறந்து வளர்ந்தவர், கண்டிப்பானவர், நேரம் தவறாதவர். முதல் வகுப்பிலேயே சண்டை. 'இது' என்று சுட்டிக்காட்டிப் பேசும் ஒவ்வொரு வாக்கியத்திலும் நாக்கை மடக்கிச் சொல்ல வேண்டிய ஒரு 'ஷி' வரும். சின்னவன் அதை 'ஸி' என்பான். அவருக்கு அது 'நாலு' என்று கேட்கும். ஒவ்வொரு தடவையும் நிறுத்தித் திருத்துவார். நாலு நாலுதான், பத்து பத்துதான், பதினாலு பதினாலுதான், நாற்பது நாற்பதுதான் என்று அங்கே ஒரு நாப்பிறழ் பயிற்சி உண்டு. நம் ஊர் 'யார் தைத்த சட்டை, தாத்தா தைத்த சட்டை' மாதிரி. அதை இருபது முறை சொல்லச் சொன்னார். ஆயி எங்கே என்று கேட்க அவன் 'நாலி' என்றால், அதை 'நார்' என்று வாலில் ஒரு ர் ஒட்டிச் சொல்லச் சொன்னார். மூன்றாவது வாரம் பையன் கேமராவுக்கு முன் வாயை மூடிக்கொண்டான். கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்த நாளும் உண்டு.

எனக்கும் கோபம் ஆசிரியை மேல் இல்லை, ஆயி மேல்தான் வந்தது. தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டாரே என்று. ஒரு ராத்திரி சாப்பிடும்போது இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். மாமனார் பண்ருட்டிப் பக்கம். வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே, "ஏம்மா, புள்ளைக்கு ஒரு பயம் குடு" என்றார். பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, தாத்தா பயம்னு சொல்றாரே. அது தப்பா?"

"தப்பு இல்ல. நம்ம ஊர்ல அப்படித்தான் சொல்லுவாங்க."

"அப்ப ஆயி சொல்றது மட்டும் எப்படித் தப்பு?"

வாயில் சோற்றோடு நான் உட்கார்ந்திருந்தேன். ஆயியின் வீட்டில் பேசுவது ஹொக்கியன், தைவானில் பலர் வீட்டில் பேசுகிற இன்னொரு சீன மொழி. அதில் நாக்கு மடக்கும் 'ஷ' கிடையாது. அவர் பெற்றோர், அவர் தெரு, அவர் பள்ளி, எல்லாரும் மாண்டரினை அந்த நாக்கால்தான் பேசினார்கள். தைவானில் டாக்டரும் பேராசிரியரும் அப்படித்தான் பேசுகிறார்கள், பெரும்பாலும் யாரும் அதைக் குறையாக எண்ணுவதில்லை. கடலூரில் வளர்ந்த நானே கல்லூரிக்கு மெட்ராஸ் போன பிறகுதான் 'ழ'வைச் சுத்தப்படுத்திக்கொண்டேன். அதற்கு முன் பேசியது தமிழ் இல்லையா?

மறுநாள் அந்த வகுப்பை நிறுத்தினோம். ஆசிரியையிடம் காரணத்தைச் சொன்னேன், பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார். அந்த ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு, தைவானில் எட்டரை மணிக்கு, ஆயிக்கு வீடியோவில் கூப்பிட்டோம். பாடம் இல்லை, புத்தகம் இல்லை. அவர் வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டே பேசினார். இவன் முதல் பத்து நிமிஷம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். ஆயி, "குப்பை லாரி பாட்டு அங்க கேக்குதா?" என்றார். தைவானில் குப்பை லாரி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும், சத்தம் கேட்டதும் எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓட வேண்டும். ஆயியோடு தினமும் ஓடியவன். "இல்ல ஆயீ, இங்க லாரிக்காரர் விசில் ஊதுவாரு" என்றான், முழு வாக்கியமாக, எல்லாத் தொனியும் அதனதன் இடத்தில். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

சொற்கள் போயிருந்தன, ஒலி போகவில்லை. இதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது, படித்தபோது சிலிர்த்தது. மான்ட்ரியலில் 2014இல் வெளிவந்தது. சீனாவில் பிறந்து, ஒரு வயதுவாக்கில் பிரெஞ்சு பேசும் குடும்பங்களுக்குத் தத்துப் போன பெண் பிள்ளைகள். 9 முதல் 17 வயது. சீனத்தில் ஒரு வார்த்தையும் தெரியாது. ஸ்கேன் எடுத்துக்கொண்டே மாண்டரின் தொனிகளைக் கேட்க வைத்தார்கள். இரண்டு மொழியும் பேசுகிறவர்களின் மூளை எப்படி வேலை செய்ததோ, இவர்களுக்கும் அப்படியே செய்தது. அவர்களுக்கே தெரியாமல் உள்ளே யாரோ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இனி பெரியவள். பதினொரு வயதில் வந்தவளுக்கு மாண்டரின் என்றால் மதிப்பெண். அதை மாற்றியது இரண்டு பேர்.

ஒருவர் பக்கத்து வீட்டுச் சொல்தா தாத்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர். மாண்டரினில் ஓர் உயிரொலி உண்டு, தமிழிலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. 'பெண்' என்ற சொல்லில் வரும். பெரியவள் அதை 'நூ' என்பாள், இல்லையென்றால் 'நியூ' என்பாள். சொல்தா தாத்தா ஒரு நாள் திண்ணையில் தெருப்பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் 'ரூ' என்று தெருவைச் சொன்னபோது அந்த ஒலி அப்படியே வந்தது. இவள் ஓடி வந்து, "அம்மா, அது இதுதான்!" என்றாள். "உதட்டை ஊதுற மாதிரி ஊன்னு வை, உள்ள ஈன்னு சொல்லு, அவ்ளோதாம்மா" என்றார் அவர். புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இந்த ஒரு சலுகை. வெள்ளைக்காரத் தெருப் பக்கம் போகும்போதெல்லாம் பலகையைப் பார்த்து என் பிள்ளைகள் இருவரும் 'ரூ, ரூ' என்று கூவிக்கொண்டு வருவார்கள்.

இன்னொருத்தி அவள் வயதுத் தைவான் பெண். அந்தக் குடும்பம் ஒரு குளிர்காலம் ஆரோவில்லில் தங்க வந்திருந்தது. சனி, ஞாயிறு இரண்டு பேரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு செம்மண் பாதையில் சுற்றுவார்கள். அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். இவளுக்குச் சீனத்தை விட்டால் வழியில்லை. மூன்று மாதத்தில் ஊஞ்சல் நின்றுவிட்டது. கேள்வியின் வாலைத் தூக்குவதும் குறைந்துவிட்டது. யாரும் திருத்தவில்லை. ஒரு வாக்கியம் புரியாவிட்டால் தோழி "ஹாங்?" என்பாள், இவள் திருப்பிச் சொல்வாள், அவ்வளவே. தோழி போன பிறகு அவள் அனுப்பும் குரல்செய்திகளைக் கேட்டு, அதே வேகத்தில் கூடவே சொல்லி, தன் குரலையும் பதிவு செய்து ஒப்பிட்டுப் பார்ப்பாள். அது நான் சொல்லிக் கொடுத்ததில்லை. இன்றும் சொல்முடிவில் 'ங்' வந்தால் நம்மைப் போல ஒரு க் ஒட்டிக்கொள்கிறது அவளுக்கு, பெய்ஜிங் என்பதைப் பெய்ஜிங்க் என்பாள். இருந்துவிட்டுப் போகட்டும்.

என்னிடம் கேட்கிற பெற்றோர் பெரும்பாலும் இணைய வகுப்புப் பெயர்தான் கேட்கிறார்கள். நான் ஆளைத் தேடச் சொல்கிறேன். வாரத்தில் ஒரே மணி நேரமானாலும், பிள்ளைக்குப் பிடித்த, பிள்ளை பதில் சொன்னால் முகம் மலர்கிற ஓர் ஆள். அந்த ஆள் எந்த ஊர்க்காரரோ அந்த ஊர்ப் பேச்சுதான் வரும், அதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளுங்கள். தேர்வுக்குப் பெய்ஜிங் உச்சரிப்பு வேண்டுமென்றால் பத்து வயதுக்கு மேல் அதைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். சின்னவனே இப்போது புதிய ஆசிரியையிடம் 'ஷி', ஆயியிடம் 'ஸி' என்று ஆளுக்கேற்ப மாற்றிக்கொள்கிறான். நடுவில் பேச்சை நிறுத்தித் திருத்தாதீர்கள். தப்பாகச் சொன்னதை நீங்கள் பதிலில் சரியாகச் சொல்லிவிட்டால் போதும். அதுவும் உங்கள் உச்சரிப்பு நன்றாக இருந்தால். என்னுடையது கடலூர் மாண்டரின், அதனால் பிள்ளைகளிடம் தமிழ் தவிர வேறு பேசுவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தேன். நான் எடுத்த நல்ல முடிவு அது ஒன்றுதான்.

தமிழிலும் அதே கதைதான் நடந்தது. வந்த புதிதில் சின்னவனின் தமிழைக் கேட்டுச் சொந்தக்காரர்கள் 'சீனாக்காரன்' என்று கிண்டல் செய்தார்கள். தாத்தாவோடு இரண்டு கோடை பண்ருட்டித் தோப்பில் கழித்தான். இப்போது "இன்னாம்மா, எத்தினி வாட்டி சொல்றது" என்கிறான்.

போன மே மாதம் ஒரு ஞாயிறு. தோப்பிலிருந்து பலா வந்திருந்தது. தாத்தா கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு ஹாலில் செய்தித்தாளை விரித்துச் சுளை எடுத்துக்கொண்டிருந்தார். சின்னவன் போனைத் திருப்பி ஆயிக்குக் காட்டினான். ஐந்து வருஷ ஞாயிறுகளில் ஆயிக்கும் ஏழெட்டுத் தமிழ்ச் சொல் வந்திருக்கிறது, எல்லாம் தாத்தா வழியாக. போனுக்குள்ளிருந்து, 'லா'வை ஒரு ஏற்றம் ஏற்றிச் சத்தமாகக் கேட்டார்: "தாத்தா! பலாப்பயம்?"

நான் வாயைத் திறந்தேன். பெரியவள் என் கையை அழுத்தினாள். தாத்தா ஒரு சுளையைக் கேமராவுக்கு நேராக நீட்டி, "ஆமாம்மா, பயம்தான். இந்தா, துன்னு" என்றார்.